பதினேழாம் அடிக்குறிப்பு

பிப்ரவரி 1, வியாழன்

இந்த டைரி வக்கீல் அருமைநாயகம் சார் கொடுத்தது. புத்தகக் கடைக்காரர்கள் வருடப் பிறப்புக்கு அவருக்கு நாலைந்து டைரி கொடுப்பார்களாம். ஒன்றை என் வண்டிப் பலகையில் போட்டுவிட்டு, "வச்சுக்கோ மாசானம், உனக்கும் ஒரு ஆபீஸ் மாதிரி இருக்கும்" என்று போய்விட்டார். ஒரு மாதம் கரிமூட்டைக்கு மேலே சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத ஆரம்பிக்கிறேன். காரணம் வடிவு.

வடிவு என் பெண்டாட்டி. முழுப்பெயர் சண்முகவடிவு, வயது நாற்பத்திரண்டு, பல்கலைக்கழகத்தில் சட்டம் முதல் வருடம். நான் பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்குப் பின்பக்கத் தெருவில், வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறேன். படிப்பு ஆறாம் வகுப்பில் பாதி. மீதிப் பாதி பள்ளிக்கூடத்துக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தவன்.

வடிவுக்கு இப்போது 'சட்ட ஆராய்ச்சியும் எழுத்துமுறையும்' என்று ஒரு பாடம். நடத்துவது எப்சிபா மேடம். தினமும் என்ன தேடினாய், என்ன கிடைத்தது, எங்கே தடுக்கி விழுந்தாய் என்று ஒரு நோட்டில் எழுதி வர வேண்டுமாம். வடிவு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முழித்தாள்.

"நாலு வரி எழுதுததுக்கா இந்த முழி? குடு, நான் எழுதுதேன்" என்றேன்.

"எங்க, ஒரு மாசம் எழுதிக் காட்டுங்க. நீங்க சொல்லுத சினிமாவுக்கு வாய் பேசாம வாரேன்."

"சண்டைப் படம்."

"எந்த எழவா இருந்தாலும் சரி."

பந்தயம் ஏறிவிட்டது. இது வக்கீல்மார் டைரி. ஒவ்வொரு பக்கத்திலும் 'கட்சிக்காரர்' என்று ஒரு கட்டம், 'அடுத்த வாய்தா' என்று ஒரு கட்டம். கட்சிக்காரர்: மாசானம். அடுத்த வாய்தா: நாளை.

பிப்ரவரி 2, வெள்ளி

வெயில். துணி. தோசை.

பிப்ரவரி 5, திங்கள்

வெள்ளிக்கிழமை எழுதியதை வடிவு எட்டிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் குறிப்பில் சேர்த்தி இல்லை, ஒரு விஷயத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்றாள். சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

நாலு வருடம் முன்னால், ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று என் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த ஆபீஸ் என்று எழுத மாட்டேன். அவர்களும் என்னிடம் சட்டை கொடுப்பவர்கள்தான். இஸ்திரிப் பெட்டி, கரி, பதினாறு வீட்டுத் துணி எல்லாம் லாரியில் போயிற்று. நான் லாரிக்குப் பின்னால் ஓடினேன். வடிவு ஓடவில்லை. பால்வாடியில் ஆயா வேலை பார்த்துக்கொண்டே தபாலில் பி.ஏ. தமிழ் முடித்தவள் அல்லவா, உட்கார்ந்து மூன்று பக்கத்துக்கு மனு எழுதினாள். படித்தால் கல்லும் கரையும். அங்கே நாற்காலியில் இருந்தவர் கடைசி வரி வரை பொறுமையாகப் படித்துவிட்டு, "நல்லா எழுதிருக்கீங்கம்மா. எந்த விதிப்படி கேக்கீங்க?" என்றார்.

வடிவுக்குப் பதில் தெரியவில்லை. வண்டி பதினோரு நாள் கழித்து ஒரு சக்கரம் இல்லாமல் திரும்பி வந்தது. வடிவு அன்றைக்கே பாதி வக்கீல் ஆகிவிட்டாள். மீதிப் பாதிக்குத்தான் இப்போது பஸ் ஏறிப் போகிறாள்.

எப்சிபா மேடத்துக்கு இப்போது அவள் எழுத வேண்டிய கட்டுரைக்குத் தலைப்பும் அதுதான். தெருவோரம் பிழைப்பவர்களை அகற்றுமுன் என்ன முறை பின்பற்ற வேண்டும். போன தடவை கொடுத்த சின்னக் கட்டுரையில் அவள் தேறவில்லை. எப்சிபா மேடம் சிவப்பு மையில் 'ஆதாரம்?' என்று பதினோரு இடத்தில் எழுதியிருந்தார். எண்ணியது நான்தான்.

"இதுவும் போச்சுன்னா நிறுத்திருதேன். பால்வாடியில என் இடம் இன்னும் காலியாத்தான் கெடக்கு" என்றாள் வடிவு.

நான் சிரித்தேன். "ஆயாம்மா ஆயாம்மான்னு கூப்பிட்டா நல்லாத்தான் இருக்கும்" என்றேன். அதைக் கேட்ட அன்றைக்குப் பெட்டியில் கரி போடாமலே ரெண்டு சட்டை தேய்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 8, வியாழன்

பல்கலைக்கழகத்தில் ஏதோ படிவம் கொடுத்திருக்கிறார்கள். வடிவு நிரப்பி, மேஜையில் சொம்பை மேலே வைத்துவிட்டுப் போயிருந்தாள். சொம்பை எடுக்கும்போது கண்ணில் பட்டது. கணவர் தொழில்: சுயதொழில்.

பொய் இல்லை. எழுத்தும் முத்து முத்தாக இருந்தது.

மத்தியானம் சாளைமீன் குழம்பு வைத்தேன். புளி கொஞ்சம் தூக்கல்.

பிப்ரவரி 9, வெள்ளி

சுயதொழில் என்றால் நகைக்கடை முதலாளியும் சுயதொழில்தான், ஜவுளிக்கடை முதலாளியும் சுயதொழில்தான். நல்ல கூட்டத்தில்தான் சேர்த்துவிட்டிருக்கிறாள்.

பிப்ரவரி 12, திங்கள்

வீட்டில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. "உன் தம்பி பொங்கலுக்கே வாரேன்னானாமே" என்றேன்.

"யாரு சொன்னா? உங்ககிட்ட நேர்ல சொன்னானா, யாரோ சொல்லிக் கேட்டீயளா?"

"டீக்கடையில சொன்னாங்க."

"டீக்கடையில யாரு? அவரு எங்க கேட்டாரு?"

கனம் கோர்ட்டார் அவர்களே, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று கும்பிட்டேன்.

அடிக்குறிப்பு என்றால் என்ன என்று கேட்டேன். பக்கத்துக்கு அடியில் பொடி எழுத்தில் நம்பர் போட்டு எழுதுவது. மேலே நான் சொன்னது என் சொந்தச் சரக்கு இல்லை, இன்னாரிடமிருந்து, இன்ன பக்கத்திலிருந்து எடுத்தேன் என்று ஒப்புக்கொள்வது. எடுத்துவிட்டு எழுதாமல் விட்டால் திருட்டாம்.

"அப்ப நான் வைக்கிற மீன் குழம்புக்குக் கீழ எங்கம்மா பேரை எழுதணுமா?"

"கண்டிப்பா எழுதணும்."

"புளி கூடிப்போனா?"

"அது உங்க சொந்தச் சரக்கு" என்றாள்.

பிப்ரவரி 15, வியாழன்

இன்று தொழிலில் ஒரு அவமானம். எழுதக்கூடாது என்று நினைத்தேன். பந்தயம் என்று வந்துவிட்டதே.

வெள்ளைச் சட்டைகள் எல்லாம் அக்கா தங்கச்சி மாதிரி. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நூல் வைத்திருக்கிறேன். காலருக்கு உள்ளே ஒரு தையல். அருமைநாயகம் சாருக்குச் சிவப்பு நூல், பேங்க் மேனேஜர் வீட்டுக்குப் பச்சை, டாக்டரம்மா வீட்டுக்கு நீலம். மடிக்கிறதுக்கு முன்னால் காலரைத் திருப்பி நூலைப் பார்க்க வேண்டும். நேற்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் வக்கீல் சட்டை மாதிரியே கம்பீரமாக இருந்தது, வக்கீல் வீட்டுத் துணிக்கட்டோடு வைத்துவிட்டேன். அது மேனேஜர் சட்டை.

அருமைநாயகம் சார் இன்று காலை அதைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். கை முழங்கைக்கு ஏறி நிற்கிறது. "கையத் தூக்கி ஒரு வார்த்தை வாதாட முடியலை மாசானம். கோட்டுக்குள்ள சட்டையக் காணும்னு ஜட்ஜே குனிஞ்சு பாக்காரு" என்றார். நான் மேனேஜர் வீட்டுக்கு மூன்று தெரு நடந்து போய், வக்கீல் சட்டையை வாங்கி, மறுபடி தேய்த்து, வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வடிவு சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிவிட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

வடிவு பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வண்டிக்கு வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை.

"ஒரு வரி கெடச்சிருக்கு. கேளுங்க" என்று படித்தாள்.

'நடைபாதை நடப்பவருக்கு மட்டும் உரியதன்று. அதில் நின்று பிழைப்பவருக்கும் அது உரியது.'

வேறொரு மாநிலத்தில் ஒரு பழைய வழக்கில் நீதிமன்றம் சொன்னதாம். ஒரு பெரிய கட்டுரையில் இருந்ததாம். இன்னும் ரெண்டு கட்டுரையிலும் இதே வரியாம். அவளுடைய கட்டுரையே இந்த வரியில்தான் ஆரம்பிக்கப் போகிறது, இதில்தான் முடியப் போகிறது.

"மறுபடி படி" என்றேன். படித்தாள். கண்ணில் கரிப்புகை பட்டுவிட்டது, துடைத்துக்கொண்டேன்.

"பெட்டி ஆறிக் கெடக்கு, புகை எங்கேருந்து வந்துச்சு? ஆதாரம்?" என்றாள்.

பிப்ரவரி 22, வியாழன்

அந்த வரியை மனப்பாடம் செய்துவிட்டேன். டாக்டரம்மா வீட்டுக்குத் துணி கொடுக்கும்போது ஒரு தடவை, பால்காரரிடம் ஒரு தடவை, வேப்பமரத்தில் கட்டிக்கிடந்த ஆட்டிடம் ஒரு தடவை சொன்னேன். ஆடுதான் முழுதாகக் கேட்டது.

சாயங்காலம் அருமைநாயகம் சார் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். சார் தலையை ஆட்டினார்.

"நல்ல வரிதான். எந்த ஜட்ஜ்?"

"பெரிய ஜட்ஜு சார்."

"எத்தனாவது பத்தி?"

"அது... நடுவுல சார்."

"ஏ மாசானம், பத்தி நம்பர் இல்லாம கோர்ட்டுல வாயத் திறக்கக்கூடாது. போ, உன் சீனியரைக் கேட்டுட்டு வா."

பக்கத்தில் நின்ற குமாஸ்தாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு வந்ததே ஒரு வேகம். நேரே வீட்டுக்கு வந்து, "இந்த வரி யாரு சொன்னது, எந்தப் பத்தி, அதைச் சொல்லு முதல்ல" என்றேன்.

"கோர்ட்டு சொன்னது."

"கோர்ட்டுன்னா செவரா சொல்லிச்சு? எந்த ஐயா, எத்தனாவது பத்தி?"

"கட்டுரையில அது போடலை."

"நீ தீர்ப்பைப் பாத்தியா?"

"மூணு கட்டுரையில இருக்கு. மூணு பேருமா தப்பா எழுதுவாங்க?"

"தப்புன்னு நான் சொன்னேனா? எனக்கு நம்பர் வேணும். நாளைக்கு அந்த வக்கீல் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லணும்."

"உங்க வீம்புக்கு நான் லைப்ரரி முழுக்கத் தூசி தட்டணுமா?"

"தட்டு. தூசி தட்டத்தான படிக்கப் போற" என்றேன்.

தோசைக்கரண்டி அவள் கையில் இருந்தது. நான் ரெண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

பிப்ரவரி 26, திங்கள்

கட்டுரை கொடுக்க வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. இன்றைக்கு வடிவு வீட்டுக்கு வந்ததிலிருந்து பேசவில்லை. கோபத்தில் பேசாமல் இருந்தால் எனக்குத் தெரியும், பாத்திரம் பேசும். இன்று பாத்திரமும் பேசவில்லை.

அப்புறம் அவளாகவே ஜெராக்ஸ் தாள்களை என் முன்னால் போட்டாள். முழுத் தீர்ப்பு. அந்த வரி பதினாலாவது பத்தியில் இருக்கிறது. ஆனால் அந்தப் பத்தி, மனுப் போட்டவர்களின் வக்கீல் இப்படி வாதாடினார் என்று ஆரம்பிக்கிறதாம். தீர்ப்பு எழுதும்போது ரெண்டு தரப்பு வக்கீல்களும் என்ன சொன்னார்கள் என்று ஜட்ஜ் முதலில் எழுதிவைப்பாராம். தன் முடிவை அதற்குப் பிறகுதான் சொல்வாராம். முப்பத்தொன்றாவது பத்தியில் ஜட்ஜ் சொல்லிவிட்டார்: அந்த அளவுக்கு நாங்கள் போக முடியாது. முன்கூட்டியே அறிவிப்புக் கொடு, மாற்று இடம் காட்டு, அதற்குப் பிறகு அகற்று. அவ்வளவுதான் கோர்ட்டு சொன்னது.

முதலில் ஒருவர் வக்கீல் வாதத்தைக் கோர்ட்டு வாக்கு என்று எழுதிவிட்டார். ரெண்டாமவர் முதலாமவரைப் பார்த்து எழுதினார். மூன்றாமவர் ரெண்டாமவரைப் பார்த்து. வரிசையில் நாலாவதாக என் பெண்டாட்டி.

"இருபது பக்கம். அத்தனையும் இந்த ஒரு வரி மேல கட்டினது" என்றாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மேனேஜர் சட்டையத் தூக்கி ஜட்ஜய்யாவுக்குப் போட்டுட்டியே" என்றேன்.

"நீங்க அன்னிக்குக் கேக்காம இருந்திருந்தா நான் பாட்டுக்குக் குடுத்திருப்பேன்" என்றாள். எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

என் வாயை ரெட்டை நூல் போட்டுத் தைக்க வேண்டும்.

பிப்ரவரி 27, செவ்வாய்

என் அக்கா கோமதி வந்திருந்தாள். வந்ததும் அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அரிவாள்மனையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன்.

"ஏல மாசானம், நாற்பது வயசுக்கு மேல இவளுக்கு என்னல படிப்பு? நீ வெங்காயம் உரிக்கியே, பாக்கவே சகிக்கலை."

"நான் அழுததுக்கு வேற காரணம் கெடைக்கலைக்கா. அதான் வெங்காயம்" என்றேன்.

வடிவு உள்ளே இருந்தாள். அக்கா வந்தால் 'மைனி' என்று முதல் ஆளாகக் காப்பி போடுகிறவள், இன்று எழுந்து வந்ததே பெரிய காரியம். அக்கா போன பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"மூணு பேரு எழுதிட்டாங்க. நானும் எழுதினா யாரு கேக்கப் போறா? மேடத்துக்கே தெரியாம இருக்கலாம்."

எனக்கு என்ன தோன்றியது என்று உள்ளபடி எழுதுகிறேன். பால்வாடி தோன்றியது. மறுபடி அந்த வாசலில் இவள் போய் நிற்பது தோன்றியது.

"குடுத்துரு" என்றேன். "அழகான வரி. தேறிரு முதல்ல."

வடிவு சுவரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு மேனேஜர் வீட்டுக்கு மூணு தெரு நடந்து போனீயளே, எதுக்கு? வக்கீல் சார்ட்ட வேற வெள்ளைச் சட்டையா இல்ல? மேனேஜர் சட்டையவே வச்சுக்கோங்க, கைய மடிச்சு விட்டுக்கோங்கன்னு சொல்லிருக்கலாம்லா?"

"அது எப்படி? அது அவர் சட்டை இல்லியே."

"ம்" என்றாள். அதோடு எழுந்து முகம் கழுவப் போனாள்.

பிப்ரவரி 28, புதன்

மேடத்திடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டாள். தாமதமாகக் கொடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் ரெண்டு மதிப்பெண் குறையும் என்றாராம். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். திட்டினாரா என்று கேட்டேன். இல்லையாம். சிரித்தாரா என்று கேட்டேன். "அது சிரிப்பா என்னன்னு தெரியலை, ஆதாரம் இல்ல" என்றாள்.

மார்ச் 1, வெள்ளி

கெடு நாள். மற்றவர்கள் எல்லோரும் கொடுத்திருப்பார்கள். வடிவு கொடுக்கவில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் கல்யாண மண்டபம், ஒலிபெருக்கி காதைக் கிழிக்கிறது. அதனால் வண்டிக்கே வந்துவிட்டாள். பலகையின் ஒரு முனையில் நான் தேய்க்கிறேன், மறுமுனையில் அவள் எழுதுகிறாள். நடுவில் டாக்டரம்மா வீட்டுப் போர்வை, எல்லைக்கோடு மாதிரி. நான் தண்ணீர் தெளித்தால் தாளில் விழுகிறது என்று திட்டு. தாள் பறக்கிறது என்று நான் கரித்துண்டை மேலே வைத்தால் கறை என்று திட்டு. பெரிய கோர்ட்டு நடக்கிறது.

தீர்ப்பு ஜெராக்ஸில் ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் கலர்ப் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். மனுதாரர் வக்கீலுக்குப் பச்சை. அரசுத் தரப்புக்கு நீலம். ஜட்ஜுக்குச் சிவப்பு.

"இது என் நூல்லா? எடுத்துட்டுச் சொல்லாம விட்டா என்னமோ சொன்னியே" என்றேன்.

"வேலையப் பாருங்க" என்றாள்.

பந்தயம் ஒரு மாதம் முடிந்துவிட்டதே, டைரியைக் காட்டு என்றாள் அப்புறம். எனக்குப் படிவத்தைப் பற்றி எழுதிய எட்டாம் தேதிப் பக்கம் ஞாபகம் வந்தது. பந்தயத்தில் நான் தோற்றேன் என்றே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். சண்டைப் படம் போயிற்று.

மார்ச் 2, சனி

அருமைநாயகம் சார் கவுன் கொண்டுவந்தார். கறுப்புத் துணியில் நேரே பெட்டி வைத்தால் பளபளப்பு ஏறிவிடும், மேலே ஈரத்துணி போட்டுத்தான் தேய்க்க வேண்டும். அந்த நேரத்தில் சார் வடிவின் தாளை எட்டிப் பார்த்தார்.

"பத்தி நம்பர் கெடச்சிட்டா?"

"பதினாலு சார். ஆனா ஜட்ஜ் சொன்னது இல்ல. வக்கீல் சொன்னது" என்று வடிவு எல்லாவற்றையும் சொன்னாள்.

சார் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இந்த வரிய நானே ஒரு தடவை கோர்ட்டுல கோர்ட்டு வாக்குன்னு சொல்லிருக்கேன் மாசானம். எதிர்த்தரப்பும் கேக்கலை, ஜட்ஜும் கேக்கலை. எங்கேயும் சொல்லிராத."

எங்கேயும் சொல்லவில்லை. இதில் எழுதத்தான் செய்கிறேன்.

மார்ச் 5, செவ்வாய்

இன்று கட்டுரையைக் கொடுத்துவிட்டாள். புதுக் கட்டுரை அந்தத் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறதாம். ஒரு வரி எப்படி வாய் மாறிப் போயிற்று, கோர்ட்டு உண்மையில் என்ன கொடுத்தது, கொடுக்காதது என்ன, கொடுத்த அளவையாவது ஆபீஸ்கள் பின்பற்றுகின்றனவா என்று. எனக்கு ஒரு பக்கமும் காட்டவில்லை. காட்டச் சொல்லி நானும் கேட்கவில்லை.

அவசரத்தில் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, தூக்குவாளியோடு பஸ் ஏறினேன். அவள் படிக்கும் இடத்துக்கு நான் போனது இதுதான் முதல் தடவை. என்ன பெரிய மரங்கள்! படிக்கிறவர்கள் எல்லாம் நமக்குப் பிள்ளைகள் ஆகிற வயது. படியில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை எழுந்து, "யாரைப் பாக்கணும் அங்கிள்?" என்றது.

"சண்முகவடிவுன்னு, முதல் வருசம். இதைக் குடுத்துரணும்."

"நீங்க?"

"துணி தேய்க்கிறவன்மா. அந்தப் பக்கம் வந்தேன், குடுத்துவிட்டாங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் அதுதான் வந்தது. பொய் இல்லை.

சாயங்காலம் வடிவு வந்து தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்தினாள். "துணி தேய்க்கிறவரு வந்து குடுத்தாருன்னு நிவேதா சொல்லிச்சு" என்றாள்.

"நல்ல மனுசன். கூட ரெண்டு அப்பளம் வச்சிருந்தானே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 13, புதன்

"வெள்ளிக்கிழமை வண்டி போடாதீய. என்கூட வாங்க" என்றாள் வடிவு. கட்டுரையை வகுப்பில் நின்று சொல்ல வேண்டுமாம், மேடம் கேள்வி கேட்பாராம்.

"எனக்கு அங்க என்ன சோலி?"

"வாங்கன்னா வாங்க."

மார்ச் 15, வெள்ளி

ஊர்ச் சட்டையெல்லாம் தேய்க்கிறேன், இன்று என் சட்டையில் மட்டும் மடிப்பு நிற்கவில்லை. மூன்று தடவை தேய்த்தேன்.

மேடம் அனுமதி கொடுத்து, கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். நான் படித்த பள்ளிக்கூடத்திலும் எனக்கு அதே பெஞ்சுதான். வடிவு எழுந்து போனாள். வெள்ளைச் சேலை, நான் கஞ்சி போட்டது, மடிப்பெல்லாம் நறுக்கென்று நின்றது. முதலில் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பதினாலாவது பத்திக்கு வந்ததும் தாளை மேஜையில் வைத்துவிட்டாள். இது வக்கீல் கேட்டது, இது கோர்ட்டு கொடுத்தது, ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தில்தான் தெருவோரத்து மக்கள் நிற்கிறார்கள் என்றாள். பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

எப்சிபா மேடம் தாளைப் புரட்டினார். மெல்லிய ஆள், கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர்.

"முப்பத்தாறு அடிக்குறிப்பு போட்டிருக்கீங்க. முப்பத்தஞ்சை நான் சரிபார்த்துட்டேன். பதினேழு மட்டும் எந்த நூல்லயும் கிடைக்கலை. வாசிங்க."

வடிவு வாசித்தாள்.

"'பதினேழு. இவ்வரி யாருடையது, எந்தப் பத்தியில் உள்ளது என்ற கேள்வியை என்னிடம் முதலில் எழுப்பியவர், என் கணவர் சா. மாசானம், இஸ்திரித் தொழிலாளி, பாளையங்கோட்டை. நேர்ப்பேச்சு, பிப்ரவரி 22. பத்திகளை உரியவர்வாரியாக நிறமிட்டுப் பிரிக்கும் முறையும் அவர் தொழிலிலிருந்து எடுக்கப்பட்டது.'"

"இவரை எங்க போய்ச் சரிபார்க்கிறது?" என்றார் மேடம்.

"கடைசி பெஞ்சுல இருக்காங்க மேடம்."

எல்லாத் தலையும் திரும்பியது. எழுந்து நின்றேன். காலில் செருப்பு சரியாக மாட்டவில்லை. முன்வரிசையில் இருந்த நிவேதாப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது.

"நீங்கதான் கேட்டீங்களா?"

"ஆமா மேடம்."

"ஏன் கேட்கத் தோணிச்சு?"

படித்தவர்கள் இருக்கிற இடம், பெரிதாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். வடிவு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதாரம் கேட்பாள்.

"வீம்புக்குத்தான் மேடம். ஒரு வக்கீல் வாய அடைக்கணும்னு கேட்டேன்."

வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்தார். இந்தத் தடவை சிரிப்புதான், நானே சாட்சி. பேனாவை எடுத்துத் தாளில் பதினேழுக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டார்.

"சரிபார்த்தாச்சு" என்றார்.

பஸ்ஸில் வரும்போது சீட் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். உட்கார்ந்தால் சட்டை கசங்கிவிடும்.

மார்ச் 20, புதன்

மதிப்பெண் வந்துவிட்டது. ஐம்பதுக்கு முப்பத்தொன்பது. நாலு நாள் தாமதத்துக்கு எட்டு போக முப்பத்தொன்று. தேற இருபத்தைந்து போதும்.

அருமைநாயகம் சாரிடம் சொன்னேன். டாக்டரம்மாவிடம் சொன்னேன். பால்காரரிடம் சொன்னேன். ஆட்டைக் காணோம், இல்லாவிட்டால் அதனிடமும் சொல்லியிருப்பேன். அக்காவுக்குப் போன் போட்டேன். "சரில, அதுக்கு ஏன் இப்படிக் கத்துத" என்றாள். சாயங்காலம் அல்வா வாங்கிக்கொண்டு அவளே வந்துவிட்டாள், மைனிக்காரி.

வடிவு கட்டுரையின் ஒரு நகலை எனக்கு என்று தந்தாள். பதினொன்றாம் பக்கத்தை மட்டும் பிரித்து வைத்திருக்கிறேன். எழுத்து ரொம்பப் பொடி, கண்ணாடி வேண்டும். ஆனால் எல்லாம் இருக்கிறது. பெயர், தொழில், ஊர், தேதி.

'சுயதொழில்' என்று போட்ட அந்தப் படிவத்தில் கட்டம் சின்னதாக இருந்திருக்கும்.

டைரியை இன்று ஒளித்து வைக்கவில்லை. வண்டிப் பலகையில், அவள் உட்கார்ந்து எழுதிய முனையில், திறந்தே கிடக்கிறது. படித்தால் படிக்கட்டும்.

கட்சிக்காரர்: சா. மாசானம், இஸ்திரித் தொழிலாளி, பாளையங்கோட்டை.

அடுத்த வாய்தா: ஞாயிற்றுக்கிழமை, மத்தியானக் காட்சி. சண்டைப் படம். அவளே டிக்கெட் எடுத்துவிட்டாள்.